மிலிட்டரி புல்லட் வாங்க: ஏலப் பேப்பரா, இரும்பா?

மிலிட்டரி புல்லட், அதாவது படையில் ஓடி ஏலத்தில் வெளியே வந்த புல்லட் மோட்டார் சைக்கிள், தேடுகிறவருக்கு நம் திருநெல்வேலிச் சீமையில் இரண்டு விதமாக யோசனை சொல்வார்கள். வண்ணார்பேட்டைப் பக்கம் மெக்கானிக்கிடம் கேட்டால், "பேப்பர் கெடக்கட்டும் அண்ணாச்சி, வண்டியப் பாத்தாலே தெரிஞ்சிரும்" என்பார். ஏலத்தில் எடுத்து விற்றுப் பழகியவர்களோ, ஏலக் கடிதம் இல்லாத வண்டிப் பக்கமே போகாதே என்பார்கள். நான் வாங்கியபோது இரண்டு வழியிலும் தேடினேன். என் ஓட்டு பேப்பருக்குத்தான்.

இரும்பு வழியை, அதாவது வண்டியைப் பார்த்தே கண்டுபிடிப்பதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பச்சை பெயின்ட் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அது சாட்சி இல்லை. வெளியில் தெரியாத இடங்களைத்தான் பார்க்க வேண்டும். நான் வாங்கிய வண்டியில் டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் பிரஷ் கோடு தெரிகிற பச்சை, அதற்கும் அடியில் வேறு சாயலில் இன்னொரு பச்சை, விளிம்பில் மட்டும் பிற்பாடு அடித்த கறுப்பு ஸ்ப்ரே. படையில் ஓடிய வண்டி என்று அதை வைத்து நம்பலாம். எப்போது வெளியே வந்தது, யார் எடுத்தார் என்று பெயின்ட் சொல்லாது.

எஞ்சின் நம்பர் விஷயம் இன்னும் சிக்கல். சாதாரண வண்டியில் எஞ்சினும் சேஸிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) ஒத்துப்போகாவிட்டால் சந்தேகப்படுவோம். படைப் பட்டறையில் எஞ்சின் பழுதானால் வேறொன்றை மாட்டி வண்டியை வேலைக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. அதனால் நம்பர் மாறியிருப்பதே தில்லுமுல்லு ஆகிவிடாது. எந்த எஞ்சினோடு அந்த சேஸிஸ் படையை விட்டு வெளியே வந்தது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் ஏலப் பேப்பரில்தான் இருக்கிறது.

காரணம் எளிது. ராணுவ வண்டிகள் ஆர்.டி.ஓ. பதிவேட்டில் இருப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 60-இன்படி அவற்றுக்குத் தனிப் பதிவு. மேல்நோக்கிய அம்புக்குறி, அப்புறம் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் என்று தொடங்கும் நம்பர் அதுதான். ஏலம் போன பிறகுதான் வண்டி முதல்முதலாக ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வருகிறது. அப்போது பாதுகாப்புத் துறை அதிகாரி கையெழுத்திட்ட படிவம் 21, அதாவது விற்பனைச் சான்றிதழ், அசலாக வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்கின்றன. வாங்கியவர் பெயர், சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், தயாரித்த மாதம், வருடம், நிறம் எல்லாம் அதில் இருக்கும். கூடவே லாட் நம்பரும் (ஏலத்தில் கொடுத்த எண்) டெப்போ பெயரும் (படைக் கிடங்கு) உள்ள ஏலக் கடிதம் கிடைத்தால் வண்டியின் கதை கிட்டத்தட்ட முழுசாகிவிடும்.

இது தெரிந்துவிட்டால் ஆர்.சி. புக்கையே வேறு மாதிரி படிக்கலாம். என் வண்டியில் தயாரிப்பு 1984, பதிவு 1996. நடுவில் உள்ள 12 வருடம்தான் அதன் படை வாழ்க்கை. தயாரிப்பும் பதிவும் ஒரே வருடமாக இருக்கிற வண்டியை ஒருவர் "மிலிட்டரி" என்று விற்றால், நான் ஏலக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் மேற்கொண்டு பேச மாட்டேன்.

கடைசியில் என்னைப் பேப்பர் பக்கம் சாய்த்தது மறுவிற்பனையும் புதுப்பித்தலும்தான். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சேஸிஸ் நம்பரைப் பார்ப்பார்கள். பஞ்ச் அடித்த நம்பர் தேய்ந்து 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் போனால், கையில் நீட்ட இருக்கிற ஒரே ஆதாரம் படிவம் 21-இன் நகல். நாகர்கோவிலிலிருந்து விலை பேச வந்தவர் எஞ்சின் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே "ஏலப் பேப்பர் இருக்கா?" என்றுதான் கேட்டார். இஞ்சி மாதிரி துருப்பிடித்த சைலன்சரை மாற்றிக்கொள்ளலாம், தொலைந்த பேப்பரைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளான பி.எஸ்.ஏ. எம்20 போன்றவற்றுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அவை கைமாறிய காலத்தில் 1989 விதிகளே கிடையாது. அங்கே இரும்புதான் பேச வேண்டும். எஞ்சின் நம்பர் டபிள்யூ.எம்.20 என்று தொடங்கினால் போர்க்காலத் தயாரிப்பு என்பது நல்ல அடையாளம். அந்த வகையில் நான் கிட்டே இருந்து பார்த்தது ஒரே வண்டி, அதனால் இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் விதியில் புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி அம்பாசமுத்திரம் போய்வர ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம்.

விற்கிறவரிடம் ஜெராக்ஸ் மட்டும் இருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம். முதலில் பதிந்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டி விவரம் கேட்டு மனுப் போடுங்கள். சேஸிஸ் நம்பரின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஜெராக்ஸோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். ஒத்துப்போன பிறகு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.