பழைய மடிக்கணினியைக் கைவிடாத யாழ்ப்பாணத் திருத்தகம்

2012ஆம் ஆண்டு வெளிவந்த எனது திங்க்பாட் டி430 மடிக்கணினிக்கு விண்டோஸ் 11 பொருந்தாது என்பதாலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்துவிட்டதாலும், புதியது வாங்குவதே வழி என்று ஒரு காட்சியறையில் கூறினார்கள். ஸ்ரான்லி வீதிக்கு அண்மையிலுள்ள இச்சிறிய திருத்தகத்தின் உரிமையாளரோ, "தம்பி, இதிலை பெரிய பழுது ஒண்டுமில்லை, வன்தட்டுத்தான் களைச்சுப்போச்சு" என்றார்.

என் கண்முன்னேயே மூடியின் ஒற்றைத் திருகாணியைக் கழற்றி, பழைய வன்தட்டை இழுத்தெடுத்து, அதே இடத்தில் எஸ்எஸ்டி எனப்படும், சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகத்தைச் செருகினார். செயலியின் மேல் காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசி, விசிறியில் திரண்டிருந்த தூசியைத் தூரிகையால் நீக்கிய பின், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய டெபியன் லினக்ஸை நிறுவித் தந்தார். எல்லாமாக 12,500 ரூபா. நியாயமான விலை என்றே கருதுகிறேன்.

மடிக்கணினியொன்றின் கரியமில வெளியீட்டில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன்னரே, உற்பத்தியின்போதே நிகழ்ந்துவிடுவதால், இருப்பதை நீண்டகாலம் பயன்படுத்துவதே பெரிய சேமிப்பாகும். இயற்கையோடு இயைந்த பேர்மாகல்ச்சர் வேளாண்மையின் நெறிகளைக் கணினிக்குப் பொருத்தும் 'பேர்மாகம்பியூட்டிங்' சிந்தனை 2020 முதல் பேசப்படுகிறது. மின்சாரமற்ற தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நமக்கு அதன் சாரம் புதிதன்று.

குறையென்றால், மாற்றுவதற்கான புதிய பற்றரி கொழும்பிலிருந்து வந்துசேர ஒன்பது நாள்கள் எடுத்தன. பற்றுச்சீட்டையும் நான் கேட்டுத்தான் வாங்கவேண்டியிருந்தது. ஆயினும், கழற்றிய பழைய வன்தட்டைத் தாளில் சுற்றி, "உங்கடை படங்கள் இதிலை இருக்கும், எறிஞ்சுபோடாதேங்கோ" என்று என் கையிலேயே தந்தார்.