24 அக்சஸ் பாயிண்ட், 24-லும் அதே ஓட்டை: வெர்ஷன் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வைஃபை அக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) மொத்தமாக வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். கூரையில் மாட்டுகிற வகை, மொத்தம் 24. முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது 24-ம் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் கிடக்கின்றன. விற்றது இணையத்தில் நெட்வொர்க் சாமான் விற்கும் ஒரு மொத்த வியாபாரி. மேலே ஒட்டியிருப்பது ஒரு பிராண்டு, உள்ளே இருப்பது வேறு எவரோ செய்த போர்டு. கடையின் பெயர் வேண்டாம், இந்த வகைக் கடைகள் மாதம் ஒரு பெயரில் வரும். ஆளை விட்டுவிட்டுச் சாமானைப் பாருங்கள்.

மூன்றாவது வாரத்தில் அப்லிங்க், அதாவது வெளியே போகும் இணைப்பு, நிரம்பி வழிந்தது. சுவிட்ச் போர்ட்டில் பாக்கெட்டைப் பிடித்துப் பார்த்தால், ஒவ்வொரு அக்சஸ் பாயிண்ட்டும் சம்பந்தமே இல்லாத முகவரிகளின் 23, 2323 போர்ட்டுகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. டெல்நெட் (தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் பழைய வழி) திறந்திருக்கும் அடுத்த இரையைத் தேடும் பாட்நெட்டின், அதாவது கைப்பற்றப்பட்ட கருவிகளின் கூட்டத்தின், வேலை அது. ரீபூட் செய்தால் சில நிமிடம் அமைதி, பிறகு மறுபடி அதே கூத்து. காரணம் எளிது: கிருமி நிரல் டெம்ப் டைரக்டரியில் இறங்குகிறது, அது வெறும் ரேம். மின்சாரம் போனால் நிரலும் போய்விடும். ஆனால் உள்ளே வந்த ஓட்டை ஃபிளாஷ் என்ற நிரந்தர நினைவகத்தில் பத்திரமாக இருக்கிறது, அதனால் திரும்பி வர நிமிடங்கள் போதும்.

ஓட்டை இருந்தது நிர்வாகப் பக்கத்தின் பிங் சோதனைப் பெட்டியில், அதாவது ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் இடத்தில். நீங்கள் தரும் முகவரியை அந்தப் பக்கத்துக்குப் பின்னால் கருவியில் ஓடும் சிஜிஐ நிரல் பிங் கட்டளையோடு ஒட்டி ஒரே வரியாக்கி, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லிடம் அப்படியே கொடுக்கிறது. முகவரிக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி (;) போட்டு இன்னொரு கட்டளை எழுதினால் ஷெல் அதையும் சமர்த்தாக ஓட்டும். இந்தப் பெட்டிகளில் வெப் சர்வர் ரூட் (முழு அதிகார) அனுமதியோடு ஓடுவதால், அந்த ஒரு வரியிலேயே கருவி முழுக்கக் கைமாறிவிடுகிறது. கமாண்ட் இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான். பிங் பெட்டி மட்டும் என்றும் நினைக்காதீர்கள். நேர சர்வரின் பெயர், கருவியின் பெயர், டிரேஸ்ரூட், சிஸ்லாக் முகவரி என்று ஷெல்லுக்குப் போகும் எந்தப் புலமும் கதவுதான்.

உங்கள் சொந்தக் கருவியில் பார்க்க 1 நிமிடம் போதும். 127.0.0.1 கொடுத்து 4 பிங் அடித்தால் பதில் சுமார் 3 விநாடியில் வரும். அதே முகவரிக்குப் பின்னால் அரைப்புள்ளி, ஸ்லீப் (இத்தனை விநாடி காத்திரு) கட்டளை, 10 என்று சேர்த்து அனுப்புங்கள். 13 விநாடி எடுத்தால் ஷெல் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

நம்பிய இடம் எது என்று சொல்கிறேன், வயிறு எரிவது அங்கேதான். புகார் போன 2-ம் நாளே புது ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) வந்தது. வெர்ஷன் எண் ஏறியிருந்தது, வெளியீட்டுக் குறிப்பில் "பாதுகாப்பு மேம்பாடு" என்று ஒரு வரி இருந்தது. பிங் பெட்டியில் அரைப்புள்ளி போட்டால் சிவப்பு எழுத்தில் "தவறான முகவரி" என்று அழகாகச் சொன்னது. பார்த்தவுடன் மனம் குளிர்ந்தது. 24-க்கும் ஏற்றி, 24-ஐயும் மறுபடி கூரையில் மாட்டியாயிற்று. திருப்பிக் கொடுக்கும் 30 நாள் கெடு அந்த இடைவெளியில் முடிந்தது.

மறுபடி அப்லிங்க் நிரம்பிய பிறகுதான் இரண்டு ஃபர்ம்வேர் கோப்புகளையும் பின்வாக் என்ற பிரிப்பு நிரலைப் போட்டுப் பிரித்துப் பார்த்தது. உள்ளே கோப்புகளைச் சுருக்கி அடைத்திருக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ் படிமத்துக்குள் அந்தச் சிஜிஐ கோப்பின் ஷா-256 மதிப்பு (கோப்பின் கைரேகை மாதிரி) பழையதிலும் புதியதிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று! மாறியிருந்தவை இரண்டே கோப்புகள்: வெர்ஷன் எண் எழுதிய உரைக்கோப்பு, பிங் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட். அந்தச் சிவப்பு எச்சரிக்கை உலாவியில் மட்டும் காட்டிய வேடிக்கை. உலாவியே இல்லாமல் கர்ல் என்ற கட்டளைவரி நிரல் வழியாக நேரே கோரிக்கை அனுப்பினால் அதே 13 விநாடி. இன்னும் கேளுங்கள், குக்கி இல்லாமல், லாகின் செய்யாமல் அனுப்பினாலும் 13 விநாடிதான். வாசலில் "நாய்கள் ஜாக்கிரதை" பலகை மாட்டிவிட்டுக் கதவைத் திறந்து போட்டதற்குப் பெயர் மேம்பாடாம்.

நிஜமாகச் சரிசெய்வது இப்படி இருக்காது. சர்வர் பக்கத்தில் அது உண்மையான ஐபி முகவரிதானா என்று சோதிக்க வேண்டும். ஷெல்லையே தொடாமல், பிங் நிரலுக்கு முகவரியைத் தனி ஆர்க்யுமென்ட்டாக எக்ஸிக் வகை (நிரலை நேரடியாக ஓட்டும்) அழைப்பில் கொடுக்க வேண்டும். அரைப்புள்ளியை மட்டும் தடுப்பதும் பயனில்லை. பேக்டிக், குழாய்க்குறி, டாலரோடு அடைப்புக்குறி, புதுவரி எழுத்து என்று வழிகள் வரிசையில் நிற்கின்றன.

அதற்குப் பிறகு விற்றவர்களின் சப்போர்ட்டில் கிடைத்த பதில்களைக் கேளுங்கள். முதல் ஆள்: "ஃபேக்டரி ரீசெட் பண்ணிப் பாருங்க சார்." ரீசெட் அமைப்புகளைத்தான் அழிக்கும், சிஜிஐ கோப்பை மாற்றாது. இரண்டாவது ஆள்: "பாஸ்வேர்டை ஸ்ட்ராங்கா வைங்க." லாகினே கேட்காத பக்கத்துக்கு எத்தனை எழுத்துப் பாஸ்வேர்டு வைப்பது? மூன்றாவது ஆள்: "அது சிப் கம்பெனியோட எஸ்டிகே பிரச்சினை, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." (எஸ்டிகே என்பது சிப் செய்பவர் தரும் அடிப்படை மென்பொருள் தொகுப்பு.) அதற்குள் புகார் டிக்கெட் தானாகவே மூடிக்கொண்டது. நான்காவது ஆள்தான் உச்சம்: "அந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, புது மாடல் எடுத்துக்குங்க." அவர் காட்டிய புது மாடலின் ஃபர்ம்வேரை இறக்கிப் பிரித்தால், உள்ளே அதே ஷா-256. இன்னொரு முறை 24 பெட்டியின் விலையைக் கொட்டி அதே ஓட்டையை வாங்கச் சொல்கிறார்.

எஸ்டிகே பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ரியல்டெக் எஸ்டிகே ஓட்டைகள் வெளியானபோது குறைந்தது 65 தயாரிப்பாளர்களின் கருவிகள் மாட்டின. அதில் சிவிஇ-2021-35394 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரும் பொதுப் பதிவு எண்) கமாண்ட் இன்ஜெக்‌ஷன் வகையும் சேர்ந்ததுதான். ஆனால் பெட்டியில் தன் பெயரை ஒட்டி விற்றவர்தான் திருத்தத்தை வாங்கி ஃபர்ம்வேரில் சேர்த்துத் தர வேண்டும்.

ஓட்டை இருப்பதே குற்றம் என்று சொல்லவில்லை. பெரிய பெயர்களுக்கும் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் ஸைக்ஸெல் அக்சஸ் பாயிண்ட்டுகளில் சிவிஇ-2024-7261, அதுவும் சிஜிஐ நிரலில், லாகின் தேவைப்படாத ஓட்டை, ஆபத்து மதிப்பெண் 10-க்கு 9.8. அதே ஆண்டு நவம்பரில் சிஸ்கோவின் தொழிற்சாலை வகை அக்சஸ் பாயிண்ட்டுகளில் சிவிஇ-2024-20418, மதிப்பெண் முழு 10. வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் எந்த மாடல், எந்த வெர்ஷனில் சரியானது என்று எண்ணோடு அறிவித்தார்கள். வெறும் "பாதுகாப்பு மேம்பாடு" என்று பூசி மெழுகவில்லை.

விரிவாக ஒரு செக்லிஸ்ட் எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: மொத்தமாக எடுக்காதீர்கள், ஒன்று வாங்கி 13 விநாடிச் சோதனை போடுங்கள். சப்போர்ட் முடியும் தேதியை எழுத்தில் வாங்குங்கள். புது ஃபர்ம்வேர் வந்தால் பிரித்து ஷா-256 ஒப்பிடுங்கள். நிர்வாக ஐபியைத் தனி விலானில் (மற்றவர்கள் எட்டாதபடி பிரித்த நெட்வொர்க்கில்) வையுங்கள். இங்கே விருந்தினர் வைஃபையும் நிர்வாக ஐபியும் ஒரே சப்நெட்டில் இருந்தன, அதனால் உள்ளே இணைந்த கிருமி தொற்றிய ஏதோ ஒரு போன் போதுமானதாக இருந்தது. இணையத்துக்குப் பக்கத்தைத் திறக்கவில்லையே என்ற தைரியம் வேண்டாம். ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் வைஃபை சாவி, ரேடியஸ் (பயனர்களைச் சரிபார்க்கும் சர்வர்) ரகசியம் இரண்டையும் மாற்றுங்கள், பல பெட்டிகளில் அவை கோப்பில் பட்டவர்த்தனமாகக் கிடக்கும்.

இந்த 24-ஐயும் செகண்ட்ஹேண்டில் தள்ளிவிடவும் மனசு வரவில்லை, வாங்குபவரிடமும் இதே கதைதான் நடக்கும். ஆனால் இதே வரிசையை வாங்கிய மற்றவர்கள் தள்ளிவிடுவார்கள். யாராவது பெட்டி பிரிக்காததைப் பாதி விலைக்கு நீட்டினால், முதலில் பிங் பக்கத்தைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.