சனிக்கிழமை சட்ட மேசை: சுங்கை சிப்புட்டில் ஒரு கவுன்சிலரின் இலவச ஆலோசனை

பணிநீக்கக் கடிதம் கிடைத்து அறுபது நாள் தாண்டவில்லையா, தயங்காமல் இந்த மேசைக்குப் போங்கள். வழக்கறிஞர் வைத்து வழக்கையும் நடத்திக் கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில், கடைவீட்டு மாடி ஒன்றில் இயங்கும் நகராண்மைக் கழக உறுப்பினரின் (கவுன்சிலரின்) சேவை மையம் இது. உறுப்பினர், தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் சட்டம் கற்பிக்கும் பேராசிரியர். வார நாட்களில் சாலைக் குழி, அடைத்த கால்வாய், எரியாத தெருவிளக்கு. சனிக்கிழமை காலையில் மட்டும் சட்டம். கட்டணம் எதுவும் இல்லை.

எண் எடுத்து உட்கார்ந்ததும் சட்ட மாணவர் ஒருவர் கூப்பிடுவார். குறையைக் கேட்பதற்கு முன் அவர் கேட்பது, "அண்ணே, கடைசியா வேலை செஞ்ச நாள் எது?" என்பதுதான். பிறகு ஒரு தாளில் மூன்று கட்டம் போடுவார்: தேதி, நடந்தது என்ன, அதற்கு ஆதாரம் எந்தத் தாள். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் வரிகளைச் சுழித்து வைப்பார். பேராசிரியர் பேசத் தொடங்குவது அந்தச் சுழிகளிலிருந்துதான். அரை மணி நேரம் அழுது சொல்ல வேண்டிய கதை ஒரு பக்கத்தில் அடங்குகிறது. அதே பக்கத்தைத் தொழிலாளர் இலாகாவில் நீட்டினால் அங்கேயும் வேலை சுலபமாகும். வகுப்பறையில் கற்றுக்கொடுக்கும் ஒழுங்கு இங்கே நேராகப் பயன்படுகிறது.

தோட்டத்து ஆட்களுக்கு இந்த மேசையால் கிடைக்கும் பெரிய நன்மை பணிநீக்கப் பயன் கணக்கு, அதாவது ஆளை நிறுத்தும்போது முதலாளி தர வேண்டிய பணத்தின் கணக்கு. இதற்கான 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கே அந்தப் பணம் உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவை என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். பலர் தவறுவது ஒருநாள் சம்பளத்தைக் கண்டுபிடிப்பதில். மிகைநேரக் கூலிக்குச் செய்வதுபோல் மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்துவிடுகிறார்கள். இங்கே செய்ய வேண்டியது, கடைசி 12 மாதத்தின் மொத்தச் சம்பளத்தைக் கூட்டி 365ஆல் வகுப்பது. மாதம் 1,700 ரிங்கிட், 12 ஆண்டு சேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,400ஐ 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 55 ரிங்கிட் 89 சென். ஆண்டுக்கு 20 நாள் வீதம் 12 ஆண்டுக்கு 240 நாள்; அதற்கு ஏறக்குறைய 13,413 ரிங்கிட். 26ஆல் வகுத்தால் 15,692 வரும். அந்த எண்ணை நம்பி வீட்டில் செலவுத் திட்டம் போட்டவர்கள் இருக்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டுபவருக்கும் பால் மரம் சீவுபவருக்கும் சம்பளம் மாதா மாதம் ஏறி இறங்கும். அதனால்தான் 12 சம்பளச் சீட்டும் வேண்டும் என்று மாணவர்கள் விடாமல் கேட்கிறார்கள். அது நச்சரிப்பு அல்ல.

இந்தப் பணத்தோடு முன்னறிவிப்புக் காலச் சம்பளத்தைச் சேர்த்துக் குழப்பக்கூடாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிக்கப்படாதபோது, அது 4, 6, 8 வாரம் என்று சேவைக் காலத்துக்கு ஏற்பத் தனியாக வரும். இன்னொன்று, தானாக ராஜினாமா செய்தவருக்குப் பணிநீக்கப் பயன் கிடையாது. "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டப்படும் தாளில் ராஜினாமா என்ற சொல் இருந்தால், 20 ஆண்டு உழைப்புக்குரிய பணம் அந்த ஒரு கையெழுத்தில் போய்விடும். மலாய் வாசிக்கத் தெரியாத முதியவர்கள் கையெழுத்துக்கு முன்பே இந்த மேசைக்கு வர வேண்டும்.

தோட்டம் கைமாறும்போது எழும் கேள்விகளுக்குப் பேராசிரியர் தரும் பதில் தெளிவானது. புதிய உரிமையாளர், கைமாறிய ஏழு நாளுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தருவதாகச் சொல்லி, நீங்கள் தகுந்த காரணமின்றி மறுத்தால் பயன் கிடைக்காது. அப்படி யாரும் சொல்லாவிட்டால் பழைய முதலாளியும் புதிய உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. வாய்மொழியாகச் சொன்னார்களா, எழுத்தில் தந்தார்களா, எந்தத் தேதியில் என்று குறித்து வைப்பது இதற்காகத்தான். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாடி விற்க, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் இங்கே எடுத்துச் சொல்கிறார்கள். துண்டாடலுக்குப் பதிலாகத் தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய அமைச்சர் துன் சம்பந்தனின் ஊரில் இந்தச் சட்டம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

அறுபது நாள் விஷயத்தில் மட்டும் மேசை கண்டிப்பாக இருக்கிறது. நியாயமற்ற பணிநீக்கம் என்றால், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுச் செய்தாக வேண்டும். நிர்வாகத்துக்கு மேல்முறையீடு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாலும் நாட்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தீபாவளி விடுமுறையும் கணக்கில் சேரும்.

அடுத்து அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம். கோயிலில் தாலி கட்டியாயிற்று, பதிவு செய்யவில்லை என்ற நிலை இன்னும் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் திருமணப் பதிவு கட்டாயம். பதிவு இல்லாமல் பிறந்த குழந்தையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாய் வெளிநாட்டவர் என்றால் தகப்பன் மலேசியராக இருந்தும் குழந்தை நாடற்றதாகலாம். சட்டம் வைத்த வயது வரம்புக்குள் இருந்தால் அரசியல் சட்டத்தின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மேசை பாரங்களை ஒழுங்காக நிரப்பித் தருகிறது. முடிவு தேசியப் பதிவிலாகாவையும் உள்துறை அமைச்சையும் சேர்ந்தது. அதை விரைவுபடுத்த எந்தக் கவுன்சிலராலும் முடியாது, இவரும் முடியும் என்று சொல்வதில்லை.

சட்டம் தெரிந்தவர் என்றாலும் வழக்கறிஞர் உரிமம் வைத்துத் தொழில் செய்யாதவர் உங்களுக்காக நீதிமன்றத்தில் வாதாட முடியாது. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆகவே கடிதங்கள் உங்கள் பெயரிலேயே, உங்கள் கையெழுத்தோடு போகும். 5,000 ரிங்கிட் வரையிலான சிறு உரிமைக் கோரிக்கை வழக்குக்கு இது குறையே அல்ல. அங்கே வழக்கறிஞர் வைக்க அனுமதியே இல்லை. அந்த வழக்குக்கான படிவம் 198ஐ எப்படி நிரப்புவது என்று அருமையாகச் சொல்லித் தருகிறார்கள். குற்ற வழக்கு, விவாகரத்து, சொத்துத் தகராறு என்றால் சட்ட உதவி இலாகாவுக்கோ வழக்கறிஞர் மன்றத்தின் உதவி மையத்துக்கோ அனுப்பிவிடுவார்கள். அங்கே வருமானச் சோதனை உண்டு.

இனி அரசியல். அரசாங்கப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களை அரசியலில் தீவிரமாக இறங்கவிடாமல் சட்டபூர்வ அமைப்புகளின் ஒழுங்கு விதிகள் கட்டிப்போடுகின்றன. கருத்துச் சொன்னாலே ஆபத்து வரலாம் என்பதற்கு, மலாயாப் பல்கலைக்கழகச் சட்ட விரிவுரையாளர் அஸ்மி ஷாரோம் மீது 2014இல் போடப்பட்ட தேச நிந்தனை வழக்கு சாட்சி. 2016இல் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. சட்டப் பேராசிரியர் அப்துல் அசிஸ் பாரி 2018இல் இதே பேராவில் தெபிங் திங்கி சட்டமன்ற உறுப்பினரானார். ஆனால் கவுன்சிலர் பதவிக்குத் தேர்தல் இல்லை. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவேயில்லை. தேர்தல் வேண்டும் என்று அதி நாகப்பன் தலைமையிலான ஆணையம் 1968இல் பரிந்துரைத்தும், 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் மாநில அரசின் நியமனத்தையே நிலைநிறுத்தியது. நியமனம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. மாநில ஆட்சி மாறினால் நாற்காலியும் மாறும். 2020இல் பேரா அதைப் பார்த்தது.

இந்த மேசையின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. ஆள் மாறினால் கோப்பு யார் கையில் போகும் என்பதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை. பொதுத் தேர்தல் நெருங்கினால் சனிக்கிழமை மேசை மூடிவிடுகிறது, முன்னறிவிப்பும் இல்லை. மேசைக்குப் பின்னால் கட்சிப் பதாகை தொங்குவதால் எதிர்க் கட்சிக்காரர் என்று ஊர் அறிந்தவர் படியேறத் தயங்குகிறார். சேவை தரும்போது படம் எடுத்து முகநூலில் போடும் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். சம்பளச் சீட்டும் குடும்பப் பிரச்சினையும் பேசும் இடத்தில் கைப்பேசி நீளக்கூடாது. ஒட்டுப்பலகைத் தடுப்பு காதுக்குத் தடுப்பல்ல, பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு எல்லாம் கேட்கிறது.

நகராண்மைக் கழகத்தின் மீதே புகார் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீடு, நிலத்துக்குக் கழகம் விதிக்கும் மதிப்பீட்டு வரியை ஆட்சேபிக்கும் கடிதம், மதிப்பீட்டுப் பட்டியலைத் திருத்தக் குறித்த நாளுக்கு 14 நாள் முன்பே எழுத்தில் போக வேண்டும் என்பதை நினைவூட்டுகிறார், கடிதமும் எழுதிக் கொடுக்கிறார். ஆனால் அவர் உட்காரும் அதே மன்றம்தான் அதற்குப் பதில் சொல்லப் போகிறது. முழு மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. நேரில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

போகும்போது அடையாளக் கார்டு, பணி நியமனக் கடிதம், பணிநீக்கக் கடிதம், அது வந்த உறை, 12 சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சீட்டு தொலைந்திருந்தால் இ.பி.எஃப். அறிக்கையில் உள்ள மாதச் சந்தாவை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து நகலை மட்டும் அங்கே கொடுங்கள். மூன்று கட்டத் தாளையும் ஒரு படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் மறுக்காமல் தருகிறார்கள்.