தக்கலைப் பக்கத்து டர்ஃபும் அதன் சிவப்பு நாற்காலியும்

தக்கலைப் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானத்தில்) சனிக்கிழமை இரவுகளில் நடக்கும் எழுவர் கால்பந்துத் தொடரில் எங்கள் அணி நான்கு வாரம் ஆடி முடித்திருக்கிறது. அணிக்கு 3,000 ரூபாய் கட்டணம். அதற்கு பாதிக்கு 15 நிமிடமாக நான்கு ஆட்டம், ஒரு நடுவர், ஒரு கேன் தண்ணீர். மைதானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழை விட்ட கால் மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடுகிறது, விளக்குகளில் ஒன்று மட்டும் மங்கல், உடை மாற்ற மறைவிடம் கிடையாது. என்னை எழுத வைத்தது, நுழைவாயிலில் லேமினேட் செய்து ஒட்டியிருக்கும் ஒரு விதியும், அதற்காகக் கோட்டுக்கு வெளியே போட்டிருக்கும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியும்தான்.

பந்துக்கு முயலாமல், எதிரணி வேகமாக முன்னேறுவதைத் தடுப்பதற்காகவே ஆளைப் பிடித்து இழுப்பவர் அந்த நாற்காலியில் 2 நிமிடம் உட்கார வேண்டும். அதுவரை அவருடைய அணி 6 பேருடன் ஆட வேண்டும். இடையில் கோல் விழுந்தாலும் நேரம் முடியாமல் அவர் உள்ளே வர முடியாது. விதி இவ்வளவுதான்.

உலகக் கால்பந்தின் 12-ஆம் விதி இதே குற்றத்துக்கு மஞ்சள் அட்டையோடு நிறுத்திக்கொள்கிறது. கோல் வாய்ப்பு கண்கூடாகத் தெரிந்து, அதைக் கெடுத்தால் மட்டுமே சிவப்பு. கோலிலிருந்து எவ்வளவு தூரம், ஆட்டம் எந்தத் திசையில் போகிறது, பந்து வசப்படுமா, தடுக்க எத்தனை பேர் எங்கே நிற்கிறார்கள் என்பவற்றையெல்லாம் நடுவர் பார்க்க வேண்டும். நடுக்கோட்டருகே சட்டையைப் பிடிப்பவன் இந்தக் கணக்கில் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வான். 2021 ஜூலை 11 அன்று வெம்ப்ளியில் நடந்த யூரோ இறுதி ஆட்டத்தில், 90 நிமிடம் கடந்த வேளையில் தன்னைத் தாண்டி ஓடிய இங்கிலாந்தின் புக்காயோ சாக்காவின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிய இத்தாலியின் ஜார்ஜோ கியெல்லினிக்குக் கிடைத்தது மஞ்சள் அட்டைதான். அதன் பின்னர் அரை மணி நேரக் கூடுதல் ஆட்டத்தையும் இத்தாலி பதினொரு பேருடனேயே ஆடி, பெனால்டியில் கோப்பையை வென்றது. மஞ்சள் அட்டை, பிடித்தவனை எச்சரிக்கிறது. பிடிபட்டவனுக்கு அந்த ஆட்டத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை. அவன் ஃப்ரீ கிக்குக்காகப் பந்தை வைத்து நிமிர்வதற்குள் எதிரணி மொத்தமும் பின்னால் வந்து வரிசை கட்டி நின்றுவிடுகிறது. தூத்தூர், இரவிபுத்தன்துறை போன்ற நம் கடற்கரை ஊர்களில், இந்தப் பக்கத்துக்காரரான மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை போன பிறகு, பையன்கள் மணலில் பழகுவதெல்லாம் ஆளைத் தாண்டி ஓடும் ஆட்டம். கணக்குப் போட்டுச் செய்யும் பவுல் கைவைப்பது அந்த ஆட்டத்தின் அடிமடியில்தான்.

நானும் அந்தக் கணக்கைப் போட்டவன்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது வாரம் 2-1 என்று முன்னிலையில் இருந்தோம். ஐந்து நிமிடம் மீதி இருந்தபோது, என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பையன் நடுக்கோட்டில் என்னைத் தாண்டினான். என் கை தானாக நீண்டு அவன் சட்டையைப் பற்றியது. தோள் தையல் பிரியும் சத்தம் எனக்கே கேட்டது. செயற்கைப் புல்லில் உராய்ந்து அவன் முட்டித் தோல் வழண்டு, கறுப்பு ரப்பர் துகள்கள் காயத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மணலில் விழுந்திருந்தால் தட்டிவிட்டு எழுந்து ஓடியிருப்பான். நடுவர் அட்டை எதையும் எடுக்கவில்லை, நாற்காலியைக் காட்டினார். அங்கே உட்கார்ந்தபடி, ஆறு பேராக எங்கள் அணி திணறுவதையும் இரண்டு கோல் விழுவதையும் பார்த்தேன். மூன்றாவது வாரம் அதே இடத்தில் இன்னொருவர் என்னைத் தாண்டினார். என் கை நீளவில்லை. முப்பது ஆண்டுகளில் எத்தனையோ மஞ்சள் அட்டைகள் வாங்கியும் வராத புத்தி அது. கோவில்பட்டியில் ஹாக்கி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே பச்சை அட்டை வாங்கினாலே 2 நிமிடம் வெளியில்தான்.

அதே சமயம், சிவப்பு அட்டையே கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2020 ஜனவரியில் ஜெட்டாவில் நடந்த ஸ்பானிய சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்தில், 115-ஆம் நிமிடத்தில் தனியாக ஓடிய அட்லெட்டிகோ மாட்ரிட்டின் மொராட்டாவைப் பின்னாலிருந்து வீழ்த்திய ரியல் மாட்ரிட்டின் வால்வெர்தேவுக்குச் சிவப்பு அட்டைதான் கிடைத்தது. ரியல் மாட்ரிட் பெனால்டியில் வென்றது. ஆட்ட நாயகன் விருது வால்வெர்தேவுக்கே போனது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஆளை வெளியேற்றுவதால் என்ன நஷ்டம்?

இந்த ஓட்டை தக்கலை நாற்காலியிலும் இருக்கிறது. கடைசி வாரம், கடைசி நிமிடத்தில், ஓர் அணியின் பின்கள வீரர் எதிரணிக்காரரை இடுப்போடு கட்டிப் பிடித்தார்; நடுவர் விசிலை வாயில் வைக்கும் முன்பே தானாக நடந்து போய் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்டம் சிரித்தது. ஏமாந்த அணிக்குச் சிரிப்பு வரவில்லை.

வேறு குறைகளும் உண்டு. நான் வெளியில் இருந்த 2 நிமிடம் மூன்றை நெருங்கிய பிறகும் யாரும் அழைக்கவில்லை. நேரம் பார்க்கத் தனி ஆள் இல்லை, நடுவரே கைப்பேசியில் பார்க்கிறார். நான் கேட்டபோது ஸ்கோர் எழுதும் தம்பி, "அண்ணே, ரெண்டு நிமிசம் ஆவல்ல, இருங்க" என்றான். பந்தைக் குறிவைத்து வழுக்கி விழுந்த ஒரு பதினேழு வயதுப் பையனையும் உட்கார வைத்தது அநியாயம். பெனால்டி பெட்டிக்குள் கோல் வாய்ப்பைக் கெடுத்தவர் உண்மையில் பந்துக்கு முயன்றிருந்தால் மஞ்சள், பிடித்தோ இழுத்தோ தள்ளியோ இருந்தால் சிவப்பு என்று 2016-இலேயே உலக விதி பிரித்துவிட்டது. தாளில் எழுதியிருக்கும் அதே பிரிவினையை நடுவரின் கண்ணும் பழக வேண்டும். தற்காலிக வெளியேற்றம் மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்கலாம் என்பது அடிமட்டக் கால்பந்துக்கான வழிகாட்டுதல். 30 நிமிட ஆட்டத்துக்கு 3 நிமிடமே பொருத்தம். ஆளுக்கு ஒன்றாக முறை வைத்துப் பவுல் செய்யும் அணிகளுக்கு, அரங்குக்குள் ஐவர் ஆடும் கால்பந்தான ஃபுட்சாலில் மருந்து இருக்கிறது: ஒரு பாதியில் ஆறாவது பவுலிலிருந்து தடுப்புச் சுவரே இல்லாமல் 10 மீட்டரிலிருந்து அடிக்க விடுவார்கள்.

இத்தனைக்கும் பிறகு 5-க்கு 4 கொடுக்கிறேன். கடைசி 2 நிமிடத்தில் இப்படிப் பிடித்தால், எங்கே பிடித்திருந்தாலும் பெனால்டி என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். நடத்துபவர் தலையைச் சொறிந்துகொண்டு, "போட்டிரலாம் அண்ணே, ஆனா சண்டை வந்தா நீங்கதான் வந்து நிக்கணும்" என்றார். அடுத்த தொடருக்கு 500 ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறேன்.