ஒரு தகுதிப் போட்டி: ஐந்துக்கு நாலு நட்சத்திரம்

எனக்கு 41 வயது. நூறு மீட்டர் ஓடுகிறேன், 40 முதல் 44 வயது வரையிலான பெண்கள் பிரிவில். வேலைக்குப் போவதற்கு முன்னால் வாரத்துக்கு நாலு நாள் பயிற்சி. எங்கள் பிரிவுக்கு இந்த ஆண்டு தேசிய அமெச்சூர் போட்டியில் கேட்ட தகுதி நேரம் 13.80 விநாடி. அதற்குள் ஓடத்தான் இந்தத் தகுதிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். நடத்தியவர்கள் தங்கள் வேலையை எப்படிச் செய்தார்கள் என்று எழுதுகிறேன். அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

கொடுத்த டி-ஷர்ட், பதக்கம், மேடை இதைப் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. பணம் கட்டித் தகுதிப் போட்டிக்குப் போகிறவருக்கு அங்கே கிடைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எங்கே கொண்டுபோய்க் காட்டினாலும் செல்லுபடியாகிற நேரம். அது சரியாகக் கிடைத்தால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், போன வருடம் வேறொரு போட்டியில் எனக்கு நடந்தது அப்படி. அங்கே ஸ்டாப்வாட்ச்தான். மூன்று பேர் கையில் மூன்று வாட்ச். நடுவில் வந்த நேரம் 13.51. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் கணக்கு ஆரம்பித்தது. கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு விநாடிக்கு ஏற்ற வேண்டும் என்பது விதி. அதனால் 13.51 என்பது 13.6 ஆனது. மனிதன் துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரலை அழுத்துவதற்குள் கொஞ்ச நேரம் போய்விடுகிறது அல்லவா, அதை ஈடுகட்ட நூறு மீட்டருக்கு வழக்கமாகக் கூட்டுவது 0.24. ஆக மொத்தம் 13.84. போன வருடமும் தகுதி நேரம் இதே 13.80தான். நான் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தேன்.

அந்தக் கணக்கில் தப்பில்லை, விதி அதுதான். என் வருத்தம் வேறு. எலெக்ட்ரானிக் டைமிங் இல்லை என்பதைப் பெயர் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நான் அங்கே போயிருக்க மாட்டேன். உலக அளவிலான தடகளப் போட்டிகளில் 800 மீட்டர் வரைக்கும் கையால் எடுத்த நேரத்தைத் தகுதிக்கு ஏற்பதே இல்லை. அமெச்சூர் போட்டிக்கு மட்டும் அது போதும் என்று நினைப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. காலையில் நாலரை மணிக்கு எழுந்து ஓடுகிறவளுக்கும் அந்த நூறில் ஒரு விநாடி முக்கியம்தான்.

இந்தத் தடவை நான் மைதானத்துக்குச் சீக்கிரமே போய்விட்டேன். இன்னும் பெஞ்சுகள்கூடப் போடவில்லை. ஸ்டார்ட்டர் ஒருவர், துப்பாக்கியோடு ஓட்டம் தொடங்குகிற இடத்துக்குப் போகாமல் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். டப். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டப். மேலே கேமராவுக்குப் பின்னால் இருந்த பெண் கையைத் தூக்கிக் காட்டினார். என்ன இது என்று போய்க் கேட்டேன். "பூஜ்ய சோதனை அக்கா. துப்பாக்கி வெடிக்கிறதை கேமராவே படம் எடுக்கும். அந்தப் படத்துல கடிகாரம் பூஜ்யத்துல நிக்கணும். ஆயிரத்துல ஒரு விநாடிக்கு மேல வித்தியாசம் இருந்தா ஆரம்பிக்கவே மாட்டோம்" என்றார். எனக்கு அந்த நிமிடமே இந்தப் போட்டியின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. யாரும் பார்க்காத நேரத்தில், யாரும் கேட்காமலே அதைச் செய்தார்கள்.

அடுத்து காற்றுமானி. நூறு மீட்டருக்கு அது முடிவுக் கோட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளி, முதல் லேனுக்குப் பக்கத்தில், டிராக்கிலிருந்து 2 மீட்டருக்குள், தரையிலிருந்து 1.22 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இங்கே டேப் வைத்து அளந்தே வைத்தார்கள். துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 விநாடி அளப்பார்கள். பின்னாலிருந்து தள்ளும் காற்றின் சராசரி வேகம் விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் தகுதிக்குச் செல்லாது.

ஹீட்ஸில், அதாவது ஃபைனலுக்கு முந்தைய சுற்றில், நான் 13.66 ஓடினேன். பலகையில் அந்த எண்ணைப் பார்த்ததும் பக்கத்து லேனில் ஓடியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் கழித்துக் காற்றின் அளவைப் போட்டார்கள்: +2.4. செல்லாது. எனக்கு வலித்தது, உண்மைதான். ஆனால் ஏமாற்றப்பட்ட வலி இல்லை அது. அந்தக் காற்று என்னைத் தள்ளியது, அதை அளந்தார்கள், சொன்னார்கள். ஃபைனலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

ஃபைனலில் மூன்றாவதாக வந்தேன். காற்று +1.3. நேரம் 13.77.

முடிந்த பிறகு கேமரா இருந்த அறைக்குப் போய், படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். காட்டினார்கள். போட்டோ ஃபினிஷ் படத்தை அதுவரை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. சாதாரண போட்டோ மாதிரி இல்லை அது. அந்தக் கேமரா முடிவுக் கோட்டை மட்டும்தான் பார்க்கிறது. மெல்லிய ஒரு கீற்றைத் திரும்பத் திரும்ப எடுத்து வரிசையாக ஒட்டுகிறது. அதனால் படத்தில் இடமிருந்து வலம் போவது தூரம் இல்லை, நேரம். கோட்டின் மேல் யார் காலை ஊன்றினாரோ அவருடைய ஷூ பனிச்சறுக்குப் பலகை மாதிரி நீண்டு கிடக்கிறது, ஏனென்றால் அந்தக் கால் அங்கே சற்று நின்றது. இரண்டாவதாக வந்தவரின் வலது ஷூ அப்படித்தான் இருந்தது. என் கை எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அது கணக்கில் வராது. தலை, கை, கால் எதுவும் வராது, உடற்பகுதி கோட்டைத் தொடுவதுதான் முடிவு. அந்தப் பெண் செங்குத்தான கோடு ஒன்றை நகர்த்தி என் தோளுக்குக் கீழே, பனியனின் ஓரத்தில் கொண்டுவந்து வைத்தார். 13.77. இன்னும் பெரிதாக்கி இன்னொரு முறை வைத்தார். அதே எண்தான் வந்தது.

இனி தேர்வு முறையைப் பற்றி. இங்கே இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஃபைனலில் முதல் இரண்டு இடம் பிடித்தால் நேரம் என்னவாக இருந்தாலும் தேசியப் போட்டிக்குப் போகலாம். இல்லாவிட்டால், கடந்த பன்னிரண்டு மாதத்தில் அங்கீகாரம் பெற்ற எந்தப் போட்டியிலாவது தகுதி நேரம் ஓடியிருந்தால் போதும். நான் இரண்டாவது வழியில் போகிறேன். ஓட்டத்தாள்களில் ஹீட்ஸ் முடிவுக்குப் பக்கத்தில் பெரிய க்யூ, சின்ன க்யூ என்று போட்டிருப்பார்களே, இடத்தால் தேறியவர், நேரத்தால் தேறியவர் என்று, அதே யோசனைதான். ஒரு ஹீட்ஸுக்குச் சரி என்றால் ஒரு சாம்பியன்ஷிப்புக்கும் அதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே நாள், ஒரே ஓட்டம், இடம் மட்டும் என்று வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டான் ஓ'பிரையன் கதை போதும். அமெரிக்கர். இரண்டு நாளில் பத்துப் போட்டிகளில் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் டெக்கத்லானில் 1991-ல் உலக சாம்பியன். 1992-ல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் முதல் நாள் முடிவில் முன்னணியில் இருந்தார். மறுநாள் கம்பை ஊன்றித் தாண்டும் போல் வால்ட்டில் 4.80 மீட்டரில் தொடங்கி மூன்று முயற்சியும் தவறிவிட்டது. அதற்குப் புள்ளி பூஜ்யம். முதல் மூன்று பேருக்குத்தான் இடம் என்பதால் பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் 8891 புள்ளி எடுத்து உலக சாதனை படைத்தார். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கமும் வாங்கினார். அவர் மீண்டு வந்தார். 41 வயதில், லீவு கேட்டு வந்து ஓடுகிற ஒருவருக்கு நாலு வருடம் காத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

அதே சமயம் நேரம் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். எதிர்க்காற்று விநாடிக்கு 2 மீட்டர் அடிக்கிற நாளில் யாருக்கும் நேரம் வராது. அன்றைக்கும் முதலில் வந்தவர் முதலில் வந்தவர்தான். காற்று எல்லா லேனுக்கும் ஒன்று. இடத்துக்குக் காற்றுமானி தேவையில்லை, நேரத்துக்குத் தேவை. நேரம் மட்டும் பார்க்கும் முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஆட்கள் வேகமான இடத்தைத் தேடிப் போவார்கள். பாஸ்டன் மாரத்தானுக்குத் தகுதி பெற மலையிலிருந்து இறங்கும் பாதைகளில் ஓடுவது பெருகியதால், 2027 போட்டியிலிருந்து 1,500 அடிக்கு மேல் சரிவுள்ள பாதையில் எடுத்த நேரத்தோடு ஐந்து நிமிடம் கூட்டப்போவதாக அறிவித்தார்கள். 3,000 அடி என்றால் பத்து நிமிடம். நீச்சலிலும் 25 மீட்டர் குளத்தில் திரும்பித் திரும்பிச் சுவரை உதைத்துக்கொண்டே போகலாம் என்பதால் 50 மீட்டர் குளத்தைவிட நேரம் குறையும். எந்தக் குளம், எந்தப் பாதை என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் கேட்கிற தகுதி விதி அரைகுறை விதி.

சின்ன விஷயங்கள்: பெயர் பதிவு எளிதாக இருந்தது, வயதுச் சான்றை ஒரு தடவைதான் கேட்டார்கள். வார்ம் அப் செய்ய இடம் போதவில்லை. அழைப்பு நேரம் சொன்னபடி நடந்தது. ஒவ்வொரு முடிவுத் தாளிலும் ஒட்டிய மணியையும் நிமிடத்தையும் எழுதியிருந்தார்கள். முறையீடு செய்ய முடிவு அறிவித்ததிலிருந்து 30 நிமிடம்தான் என்பதால் அது எவ்வளவு உதவி என்று முறையிட்டவர்களுக்குத் தெரியும்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம் இதுதான். இவ்வளவு கவனமாக எடுத்த என் நேரத்தை தேசியப் பட்டியலில் ஏற்ற ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார்கள். பெயர் கொடுக்கக் கடைசித் தேதி பதினோராவது நாள். அந்த ஒன்பது நாளும் தினம் காலையிலும் இரவிலும் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் பிரிவிலேயே ஒருவருக்குப் பத்தாவது நாள்தான் ஏறியது. அவர் ரயில் டிக்கெட்டே எடுக்காமல் காத்திருந்தார். படத்தில் கோட்டை வைத்த அதே கணினியில்தான் முடிவு கோப்பாக இருக்கிறது. அன்று சாயங்காலமே அனுப்பிவிடலாம். இதை அவர்களுக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த போட்டிக்கு முன் சரிசெய்தால் ஐந்தாவது நட்சத்திரத்தையும் சேர்த்து இதைத் திருத்துகிறேன்.