செல்லப்பா கதை சொல்கிறான், விஸ்வநாதன் கேட்கிறார்

ஒரு நகைச்சுவைப் படத்தை முதல்முறை பார்ப்பதும், வசனமெல்லாம் மனப்பாடமான பிறகு பார்ப்பதும் ஒன்றல்ல. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலான வேடிக்கைகள் அந்த இடத்திலேயே சாரமிழந்துவிடும். ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' எனக்கு இன்றுவரை அப்படி ஆகவில்லை. 1964 பிப்ரவரியில் அது வெளியானபோது எங்கள் கிருஷ்ணகிரி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மறு ஆண்டு தருமபுரி மாவட்டத்தோடு போய், 2004இல் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. இந்த இடைக்காலத்தில் அப்படத்தைக் காவேரிப்பட்டணம் பக்கத்து டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தும், தூர்தர்ஷனின் ஞாயிறு மாலையிலும், வாடகை டெக்கிலும், குறுந்தகட்டிலும் பார்த்து, இப்போது கைப்பேசியில் பார்த்து வருகிறேன்.

சிறு வயதில் நாகேஷுக்காக மட்டுமே பார்த்தேன். 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று ஒரு படக் கம்பெனியைத் தொடங்கிவிட்டு, அதற்கான பணத்துக்குத் தந்தை விஸ்வநாதனையே சுற்றிச்சுற்றி வரும் செல்லப்பா, தான் எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையை அவருக்குச் சொல்லும் காட்சியைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் குறைவு. காற்றின் ஊளையையும் கதவின் கிறீச்சொலியையும் காலடி ஓசையையும் வாயாலேயே எழுப்பிக் கதை சொல்லும் அந்த இளைஞரின் வேகத்தில் டூரிங் டாக்கீஸே அதிரும். வயது ஏற ஏற என் கண் மெல்ல, தந்தையாக வரும் டி. எஸ். பாலையாவின் பக்கம் நகர்ந்து, அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் காட்சியில் அவருக்குப் பேச்சு மிகக் குறைவு, கேட்பதுதான் வேலை. இவன் என்ன உளறப்போகிறான் என்ற அலட்சியத்தோடு தொடங்கி, தன்னையறியாமல் காதைக் கொடுத்து, பிறகு எழுந்து போகவும் முடியாமல் கேட்கவும் முடியாமல் அவர் ஒடுங்குவதைப் பார்க்கும்போது, கதை தெரிந்த எனக்கே அடுத்து என்ன ஆகுமோ என்றிருக்கும். சிரிப்பைப் பிறப்பிப்பவர் நாகேஷ் என்றால், அதை ஆயுள் முழுவதும் காப்பாற்றித் தருபவர் பாலையா என்பது என் தீர்ப்பு. 1936இல் 'சதி லீலாவதி'யில் வில்லனாக அறிமுகமாகி (எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம்), அதன்பின் பல படங்களில் பிறரை நடுங்க வைத்தவர், இங்கே மகனின் வாய்ச்சத்தத்துக்கு நடுங்குகிறார்.

இக்காட்சி இப்போது தனியாக வெட்டப்பட்டுக் கைப்பேசிகளில் சுற்றுகிறது. என் பேரன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தாத்தா, இவரு எதுக்கு இவ்வளவு பயப்படுறாரு?" என்று கேட்டான். முழுப் படத்தையும் பார்த்தவனுக்கு இந்தக் கேள்வி எழாது. விஸ்வநாதன் எஸ்டேட் முதலாளி. ஆளைப் பார்ப்பதற்கு முன் அவன் ஆஸ்தியைப் பார்ப்பவர். வேலையிழந்த அசோக் வீட்டெதிரே கூடாரம் போட்டு வேலை கேட்டுப் பாடும்போது கொதிக்கிற அதே மனிதர், அவன் கோடீஸ்வரரின் மகன் என்று நம்பியவுடன் குழைந்துபோகிறார். எங்கள் ஊர் மாங்காய் மண்டியில், தலையில் கூடை சுமந்து வருபவருக்கு ஒரு குரலும் காரிலிருந்து இறங்கும் கூழ்த் தொழிற்சாலைக்காரருக்கு வேறொரு குரலும் வைத்திருக்கும் முதலாளிகளைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, விஸ்வநாதன் எனக்குச் சினிமாப் பாத்திரமாகவே தோன்றியதில்லை. இத்தகைய மனிதர், பைசா பெறாத மகனின் முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார் என்பதால்தான் கதை சொல்லும் காட்சிக்கு அத்தனை பலம்.

'கல்யாண பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று கண்ணீரில் பேர் வாங்கிய ஸ்ரீதர் இப்படியொரு படம் எடுக்கத் துணிந்ததில், அவருடைய செங்கல்பட்டுப் பள்ளித் தோழர் சித்ராலயா கோபுவின் பங்கு பெரிது. கோபுவின் வசனங்களில் ஒருவரையொருவர் இழிவுபடுத்தும் பேச்சோ, உருவத்தைக் கேலி செய்யும் பேச்சோ என் காதில் உறுத்தியதில்லை. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து கூச்சமின்றிப் பார்க்க முடிவதற்கு அதுவே காரணம்.

குறைகள் இல்லாமல் இல்லை. இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் பாடல்கள் தனியே கேட்க அருமையானவை. 'அனுபவம் புதுமை'க்கு நான் என்றும் அடிமை. ஆனால் பலமுறை பார்த்தவனுக்குச் சில காதல் பாடல்கள் கதையை நிறுத்திவைப்பதாகவே படுகின்றன. காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் அழகாக வந்துபோகிறார்கள். அவர்களைவிட மீனலோசனியாக வரும் சச்சுவுக்குச் செய்வதற்கு வேலை இருக்கிறது. குறுந்தகட்டில் ஒளிப்பதிவாளர் வின்சென்ட்டின் ஈஸ்ட்மென் கலர் வெளிறிப்போயிருந்தது. ஆழியாறு அணைப் பக்கத்துக் காட்சிகளை டூரிங் டாக்கீஸ் திரையில் பார்த்தபோது, எங்கள் கே.ஆர்.பி. அணைப் பூங்காவையும் யாராவது இப்படி எடுக்கக்கூடாதா என்று ஏங்கியதுண்டு.

வீட்டில் தெலுங்கு பேசும் என் பக்கத்து வீட்டுக்காரர், இதன் தெலுங்கு வடிவமான 'பிரேமிஞ்சி சூடு'வைப் பார்த்தவர். ஆனாலும் தொலைக்காட்சியில் தமிழ்ப் படம் ஓடினால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில்தான் உட்காருவார். ஸ்ரீதரே இந்தியில் 'பியார் கியே ஜா' என்று எடுத்ததில் நாகேஷின் இடத்தில் மெஹ்மூதும் பாலையாவின் இடத்தில் ஓம் பிரகாஷும் நடித்தார்கள். மெஹ்மூதுக்கு அதற்காகப் பிலிம்பேர் விருதும் கிடைத்தது. அதையும் பார்த்தேன். மெஹ்மூத் கதை சொல்வது நன்றாகவே இருந்தது. ஆனால் பாலையா கேட்பதுபோல் ஓம் பிரகாஷ் கேட்கவில்லை.