கே-9, டாலெக்: ரிமோட்டா, உள்ளிருக்கும் ஆளா?
பிபிசியின் 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில் 1977-இல் அறிமுகமான கே-9 என்னும் இயந்திர நாய் ரிமோட்டில் ஓடியது. அதே தொடரில் 1963-இல் வந்த டாலெக் என்னும் கவசம் பூண்ட வில்லனையோ, உள்ளே அமர்ந்த நடிகர் கால்களால் உந்தி நகர்த்தினார். சிறிய உருவமுள்ள நாய்க்குள் ஆள் புக வழியில்லை என்பதால் ரேடியோ கட்டுப்பாடு தவிர்க்க இயலாததாயிற்று. ஆனால் அரங்கின் கேமராக்களும் அதன் ரேடியோ அலைகளும் ஒன்றோடொன்று குறுக்கிட்டதாலும், மோட்டாரின் இரைச்சல் தொல்லையாக இருந்ததாலும், சில காட்சிகளில் அதைக் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது (நாய்க்குக் கயிறு புதிதல்ல என்றாலும்). கரடுமுரடான தரையில் இரண்டுமே தடுமாறின. டாலெக்கின் உள்ளிருந்தவர் நெருக்கத்தையும் வெக்கையையும் சகித்தார். எனினும் உடன் நடிப்பவரின் அசைவைக் கண்டு உடனே திரும்ப அவரால் முடிந்தது. ஆகவே நடிப்புக்கு டாலெக்கின் முறையே மேல் என்பேன். சமதளமான கூடத்தில் ஓடும் சிறு பொம்மைக்கோ ரிமோட்டே பொருத்தம்.